ஒரு பாட்டு யாருடையது? ‘வித்தவுட் யூ’வை வைத்து ‘கவர்’ என்பதைப் புரிந்துகொள்வோம்

‘வித்தவுட் யூ’ யாருடைய பாட்டு என்று கேட்டால், தொண்ணூறுகளில் ஆங்கிலப் பாட்டுக் கேட்கத் தொடங்கியவர்கள் அமெரிக்கப் பாடகி மரையா கேரி என்பார்கள். அவர்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவர்கள் அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சன் என்பார்கள். இரண்டு பேருமே அதை எழுதவில்லை. முதலில் பாடியவர்களும் அவர்கள் அல்ல. எழுதியவர்கள் பீட் ஹாம், டாம் எவன்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள். முதலில் பதிவு செய்தது அவர்களுடைய பேட்ஃபிங்கர் என்ற பிரிட்டிஷ் குழு, 1970-இல்.

ஒருவர் ஏற்கெனவே பதிவு செய்து வெளியிட்ட பாட்டை இன்னொருவர் தன் குரலில், தன் வாத்தியக்காரர்களோடு புதிதாகப் பதிவு செய்தால் அதற்குப் பெயர் கவர். யூடியூபில் தினமும் பார்க்கிற சொல்தான், ஆனாலும் அதற்குள் என்னென்ன இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாட்டு ஒன்று, பதிவு வேறொன்று. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் போதும், காசு யாருக்குப் போகிறது, அனுமதி யார் தரவேண்டும், ஒரு பதிவு ஏன் நம்மை அழவைக்கிறது, இன்னொன்று ஏன் சும்மா கடந்துபோகிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கும். அதற்கு ‘வித்தவுட் யூ’வைப் போல வசதியான பாட்டு வேறு இல்லை என்பது என் எண்ணம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றைப் பொறுமையாகக் கேட்டாலே முழுப் பாடமும் கிடைத்துவிடும்.

இரண்டு அரைப் பாட்டுகள்

பேட்ஃபிங்கர், வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்ஸீ நகரத்தில் தொடங்கிய குழு. முதலில் அதன் பெயர் ஐவீஸ். உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் இசைக்குழு தொடங்கிய ஆப்பிள் என்ற ரெக்கார்டு நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, 1969-இல் பெயரை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுடைய முதல் ஹிட்டான ‘கம் அண்ட் கெட் இட்’டை எழுதிக் கொடுத்தவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. குரலிலும் மெட்டிலும் பீட்டில்ஸ் சாயல் இருந்ததால், வானொலியில் கேட்ட பலர் இவர்களை பீட்டில்ஸ் என்றே நினைத்தார்கள். இந்தக் குழப்பத்துக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது, பிறகு வருவோம்.

ஹாமிடம் ஒரு பாட்டு இருந்தது. சரணங்கள் நன்றாக வந்திருந்தன, கோரஸ், அதாவது நம் பல்லவி மாதிரித் திரும்பத் திரும்ப வரும் பகுதி, மட்டும் எடுபடவில்லை. பிரிந்துபோகிறவரின் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, கண்ணில் துக்கம் தெரிகிறது, அந்த மாலையை மறக்க முடியவில்லை. சரணம் சொல்வது இவ்வளவுதான். எவன்ஸிடம் வேறொரு பாட்டின் கோரஸ் இருந்தது. நீ இல்லாத வாழ்க்கையை வாழ முடியாது, இனி என்னால் எதையும் கொடுக்க முடியாது என்கிற கதறல் அது. அதற்கு அவரிடம் சரியான சரணம் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒருவருடைய சரணத்தையும் மற்றவருடைய கோரஸையும் ஒட்டினார்கள். கவனித்துக் கேட்டால் அந்த ஒட்டு இன்றைக்கும் தெரியும். சரணம் தயங்கித் தயங்கி, நடந்ததைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிற ஒருவருடைய பேச்சு. கோரஸில் அந்தத் தயக்கம் எதுவும் கிடையாது. இரண்டு மனிதர்களின் இரண்டு விதத் துயரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. பின்னால் பாட வந்தவர்களுக்கெல்லாம் அந்த இடைவெளிதான் வேலை கொடுத்தது.

1970 நவம்பரில் வெளியான ‘நோ டைஸ்’ ஆல்பத்தில் இது இடம்பெற்றது. பீட்டில்ஸ் பதிவுகளில் ஒலிப்பொறியாளராக இருந்த ஜெஃப் எமரிக் தயாரித்தார். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இதைத் தனிப் பாட்டாக, அதாவது சிங்கிளாக, அவர்கள் வெளியிடவே இல்லை. அந்த ஆல்பத்திலிருந்து ஹிட்டானது ‘நோ மேட்டர் வாட்’ என்ற வேறு பாட்டு. ‘வித்தவுட் யூ’ ஆல்பம் வாங்கியவர்கள் மட்டும் கேட்கிற பாட்டாகத் தங்கிப்போனது.

பாட்டு வேறு, பதிவு வேறு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும்.

ஹாமும் எவன்ஸும் எழுதியது மெட்டும் வரிகளும். அது ஒரு சொத்து. காகிதத்தில் எழுதி வைக்கலாம், யார் வேண்டுமானாலும் கிட்டாரில் வாசித்துப் பார்க்கலாம். 1970-இல் பேட்ஃபிங்கர் பாடி, டேப்பில் பதிந்த குறிப்பிட்ட அந்த ஒலி இன்னொரு சொத்து. நாம் ஒரு பாட்டைக் கேட்கும்போது இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகின்றன, அதனால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டத்துக்கு அவை இரண்டு. உரிமையாளர்களும் பெரும்பாலும் இரண்டு பேர். முதலாவது, எழுதியவருக்கும் அவருடைய பாட்டு வெளியீட்டு நிறுவனத்துக்கும். இரண்டாவது, பாடியவருக்கும் அவருடைய ரெக்கார்டு கம்பெனிக்கும்.

கவர் செய்கிறவர் பழைய பதிவைத் தொடுவதே இல்லை. ஒரு நொடி ஒலியைக்கூட அதிலிருந்து எடுப்பதில்லை. மெட்டையும் வரிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு புதிய பதிவு செய்கிறார். எனவே பழைய பதிவின் சொந்தக்காரருக்கு அவர் எதுவும் தரவேண்டியதில்லை, எழுதியவருக்குத் தரவேண்டும். நிலம் ஒருவருடையது, விளைச்சல் வேறொருவருடையது, நிலத்துக்குக் குத்தகை போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தக் குத்தகையில் ஒரு விசேஷம் உண்டு. அமெரிக்காவில் பாட்டு ஒருமுறை பதிவாகி முறையாக வெளிவந்துவிட்டால், அதற்குப் பிறகு யார் கவர் செய்ய வந்தாலும் எழுதியவர் மறுக்க முடியாது. சட்டம் சொல்லும் தொகையைக் கட்டினால் போதும். முதல் பதிவுக்கு மட்டும்தான் அனுமதி கேட்கவேண்டும்.

இந்த ஏற்பாடு வந்தது 1909-இல். அப்போது தானாக வாசிக்கும் பியானோக்கள் பிரபலம். துளையிட்ட காகிதச் சுருளைப் போட்டால் பியானோ தானே பாட்டை வாசிக்கும். அந்தச் சுருளுக்கு இசையமைப்பாளருக்குப் பணம் தரவேண்டாம் என்று 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மனிதக் கண்ணால் படிக்கமுடியாத துளைகளை இசைக் குறியீட்டின் பிரதி என்று ஏற்கமுடியாது என்பது அதன் வாதம். எழுதியவர்களுக்கு இது பெரிய அடி. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. பணம் தரவேண்டும் என்றானது, கூடவே ஒரே நிறுவனம் எல்லாப் பாட்டையும் வளைத்துப் போட்டுவிடக்கூடாது என்பதற்காக, வெளியான பாட்டை யாரும் பதிவு செய்யலாம் என்றும் ஆனது. கட்டணம் ஒரு பிரதிக்கு 2 சென்ட். 1909-இல் வைத்த அந்த 2 சென்ட் 1977 வரை அப்படியே இருந்தது. இடையில் இரண்டு உலகப் போர்கள் வந்துபோயின, விலைவாசி எங்கேயோ போய்விட்டது, பாட்டு எழுதியவரின் கூலி மட்டும் அசையவில்லை. இப்போது அது 12 சென்ட்டைத் தாண்டியிருக்கிறது.

நில்சன் 1971-இல் இந்தப் பாட்டைப் பாடியபோது அமெரிக்காவில் நடப்பில் இருந்தது அந்த 2 சென்ட்தான். விற்கிற ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் 2 சென்ட், அதிலும் வெளியீட்டு நிறுவனத்துக்கு ஒரு பங்கு போன பிறகே எழுதிய இருவருக்கும்.

வானொலியில் கணக்கு வேறு. அமெரிக்காவில் வழக்கமான வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்குப் பணம் உண்டு, பாடியவருக்குக் கிடையாது. இன்றைக்கும் அப்படித்தான். உலகமே நில்சனின் குரலில் உருகிக்கொண்டிருந்தபோது, அங்கே அந்த ஒலிபரப்புக்கு நில்சனுக்கு ஒரு காசுகூட வரவில்லை. ஹாம், எவன்ஸ் கணக்கில்தான் வரவு. வந்த பணம் அவர்கள் கையில் சேர்ந்ததா என்பது வேறு கதை.

கவர் என்ற பெயர் வந்த வழி

இன்றைக்குக் கவர் செய்வது ஒரு மரியாதை. பிடித்த பாடகருக்கு வைக்கிற வணக்கம் என்றுகூடச் சொல்கிறோம். ஆரம்பத்தில் அது வியாபாரப் போட்டி.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ‘ஒரிஜினல்’ என்ற எண்ணமே அவ்வளவாக இல்லை. பாட்டு அச்சிட்ட தாளாக விற்றது. ஒரே மாதத்தில் நாலைந்து குழுக்கள் அதே பாட்டைப் பதிவு செய்யும், கடைக்குப் போகிறவர் பிடித்ததை வாங்கிக்கொள்வார். ஐம்பதுகளில் நிலைமை மாறியது. ஒரு ரெக்கார்டு சூடுபிடிக்கிறது என்று தெரிந்தால் போட்டி நிறுவனம் அதே பாட்டை வேறொருவரைப் பாடவைத்து அவசரமாக இறக்கும். இதில் நிறவெறியும் கலந்திருந்தது. கறுப்பினப் பாடகர்களின் பதிவுகளை எடுக்கத் தயங்கிய வானொலி நிலையங்கள் பல. அதே பாட்டை வெள்ளையர் பாடினால் தாராளமாக ஒலிக்கும். 1955-இல் ஃபேட்ஸ் டாமினோவின் ‘எய்ன்ட் தட் எ ஷேம்’ பாட்டை பாட் பூன் பாடியது அப்படித்தான்.

லாவெர்ன் பேக்கர் என்ற பாடகிக்கு நடந்தது இன்னும் மோசம். அவருடைய ‘ட்வீடில் டீ’யை ஜார்ஜியா கிப்ஸ் பதிவு செய்தபோது மெட்டை மட்டும் எடுக்கவில்லை, வாத்திய அமைப்பையும் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பெரிய ஹிட்டானது கிப்ஸின் பதிவு. பேக்கர் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி, இதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. எழுதியவருக்குச் சட்டம் இருந்தது, பாட்டுக்கு ஒரு உருவம் கொடுத்துப் பாடியவருக்குப் பாதுகாப்பு இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது கனக்கும்.

ஒலிப்பதிவுக்கே அமெரிக்க மத்தியச் சட்டத்தில் காப்புரிமை வந்தது 1972 பிப்ரவரி 15-இல்தான். அதே வாரத்தில், பிப்ரவரி 19 தேதியிட்ட வாராந்தரப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில், அமெரிக்காவின் முதலிடத்துக்கு வந்த பாட்டு நில்சனின் ‘வித்தவுட் யூ’.

மூன்று பதிவுகளைக் கேட்போம்

முதலில் பேட்ஃபிங்கர். நாலே முக்கால் நிமிடத்துக்கு ஒட்டிய பதிவு. கிட்டார், டிரம்ஸ், ஆர்கன் என்று ஒரு ராக் குழுவின் ஒலி. சரணம் அழகாக, கொஞ்சம் ஒதுங்கிய குரலில் வருகிறது. கோரஸ் வரும்போது குரல்கள் சேர்கின்றன, ஆனாலும் ஒலி பெரிதாக வெடிப்பதில்லை. சொல்வது அத்தனை பெரிய விஷயம், சொல்கிற குரலில் ஒரு கூச்சம். நண்பர்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஒருவன் தன் துக்கத்தைச் சொல்ல ஆரம்பித்து, சத்தம் போடாமல் அடக்கிக்கொள்கிற மாதிரி ஒரு நிதானம். பலர் இதை ‘முடிக்கப்படாத பதிவு’ என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்றில் இதைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். எழுதியவர்களின் குரலில் இருக்கிற அந்தக் கூச்சம் வேறு எந்தப் பதிவிலும் இல்லை.

அடுத்து நில்சன். ஒரு விருந்தில் இந்தப் பாட்டைக் கேட்ட அவர், பீட்டில்ஸ் பாட்டு என்று நினைத்துக்கொண்டார். தேடிப் பார்த்த பிறகுதான் பேட்ஃபிங்கர் என்று தெரிந்தது. அவரும் தேர்ந்த பாட்டு எழுத்தாளர். ஆனாலும் தன் ஆல்பத்தில் இதைப் பாட முடிவு செய்தார். 1971-இல் லண்டனில் ட்ரைடென்ட் ஸ்டுடியோவில் பதிவு. தயாரிப்பாளர் ரிச்சர்ட் பெர்ரி, பியானோ கேரி ரைட், பேஸ் கிட்டார் கிளாஸ் ஃபோர்மன், டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர், வயலின் கூட்டத்துக்கு இசை எழுதியவர் பால் பக்மாஸ்டர். பியானோவும் குரலும் மட்டும் போதும் என்பது நில்சனின் விருப்பம். பெரிய வாத்திய அமைப்பு வேண்டும் என்று பெர்ரி விடாப்பிடியாக நின்றார்.

தொடக்கத்தில் பியானோ மட்டும்தான். கிட்டார் குழுவின் ஒலியை அப்படியே கழற்றி வைத்துவிட்டார்கள். குரல் காதுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்டப் பேச்சு. சரணத்தின் மெட்டு அதிகம் ஏறி இறங்குவதில்லை, அதை அவர் கட்டாயப்படுத்தி ஏற்றவும் இல்லை. முதல் கோரஸையும் கீழ் ஸ்தாயியில்தான் பாடுகிறார். முதல்முறை கேட்பவர், ‘சரி, இவ்வளவுதான் உயரம்’ என்று நினைத்துக்கொள்வார். மறுபடி சரணம் வருகிறது. அப்புறம் இரண்டாவது கோரஸில் அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே தூக்குகிறார். நம் கணக்கில் சொன்னால் மத்திய ஸட்ஜத்திலிருந்து தார ஸட்ஜத்துக்குப் போகிற தூரம். ஸ்வரங்கள் மாறவில்லை, வரிகள் மாறவில்லை, குரல் கிழிகிற உயரத்துக்குப் போய்விட்டது. கீழே அமைதியாகச் சொன்னபோது அது ஒரு கருத்து மாதிரி இருந்தது. மேலே போனதும் இந்த ஆளால் இனி தாங்கமுடியாது என்று உடம்பே நம்பிவிடுகிறது. அந்த உச்சத்திலேயே ஒலி தேய்ந்து முடிகிறது, கீழே இறங்குகிற ஆறுதலை அவர் தருவதில்லை. மொத்தம் மூன்றே கால் நிமிடம்தான்.

ஒரு கவர் என்ன செய்யமுடியும் என்று கேட்பவர்களுக்கு அந்த இரண்டாவது கோரஸைத்தான் நான் போட்டுக்காட்டுவேன். ஹாமும் எவன்ஸும் எழுதிய தாளில் இருக்கிற ஸ்வரங்களையே பாடுகிறார். எந்த ஸ்தாயியில், எத்தனை நேரம் காத்திருந்த பிறகு என்பது மட்டும்தான் அவருடைய முடிவு. அமெரிக்காவில் நான்கு வாரம், பிரிட்டனில் ஐந்து வாரம் முதலிடம். 1973-இல் சிறந்த ஆண் பாப் பாடகருக்கான கிராமி விருதும் வந்தது.

மூன்றாவது மரையா கேரி. 1993-இல் வந்த ‘மியூசிக் பாக்ஸ்’ ஆல்பம், வால்டர் அஃபனாசியெஃப்போடு சேர்ந்து தயாரித்தது. கேட்ட உடனே புரிந்துவிடும், இவர் பின்பற்றுவது பேட்ஃபிங்கரை அல்ல, நில்சனை. பியானோவில் மெதுவாகத் தொடங்கி, பின்னால் உயரப் போகிற அதே திட்டம். கவரின் கவர் என்று சொல்லலாம். வித்தியாசம் குரல் தரும் நம்பிக்கையில் இருக்கிறது. நில்சன் உச்சத்துக்குப் போகும்போது விழுந்துவிடுவாரோ என்ற பயம் நமக்கு வரும். கேரியிடம் அந்தப் பயம் வராது, அவருக்கு அது பழகிய உயரம். பின்னால் குரல்களின் கூட்டம் தேவாலயப் பாட்டின் சாயலில் அவரைத் தாங்கிப் பிடிக்கிறது. நில்சன் தனியாக நின்று கதறினார், கேரியோடு ஒரு சபையே சேர்ந்து துக்கப்படுகிறது. இழப்பின் நிர்க்கதி எனக்கு நில்சனிடம்தான் கிடைக்கிறது. ஆனால் நீண்ட சுருதியில் ஒரு சொல்லைப் பிடித்து வளைத்து இறக்குகிற கலைக்கு கேரியைத்தான் கேட்கவேண்டும்.

1994 ஜனவரி 15-இல் நில்சன் மாரடைப்பில் இறந்தார். சில நாட்களிலேயே கேரியின் பதிவு சிங்கிளாக வெளியாகி, பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அந்நாட்டில் அவருடைய முதல் முதலிடம் அதுதான். அமெரிக்காவில் மூன்றாமிடம். 22 ஆண்டு இடைவெளியில் ஒரே பாட்டு, இரண்டு குரல்களில், ஒரே நாட்டின் பட்டியலில் உச்சிக்கு ஏறியிருக்கிறது.

ஏன் இத்தனை பேர் இதைப் பாடுகிறார்கள்? வரிகளில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆணா பெண்ணா என்பதும் இல்லை, வெறும் ‘நீ’தான். எனவே யார் பாடினாலும் ஒரு சொல்லையும் மாற்றவேண்டியதில்லை. ஏன் பிரிந்தார்கள் என்றும் பாட்டு சொல்லாது, அந்த இடத்தில் கேட்பவர் தன் காரணத்தை வைத்துக்கொள்ளலாம். சரணம் சாதாரணக் குரலுக்கும் எட்டும், கோரஸ் பெரிய குரல்களுக்குச் சவால் விடும். இவை எல்லாவற்றுக்கும் மேல், முதல் பதிவு ஹிட்டாகாததால் ‘இப்படித்தான் பாடவேண்டும்’ என்ற அச்சு யார் மனதிலும் பதியவில்லை. நில்சனுக்குக் கிடைத்த சுதந்திரம் அதுதான். அவருக்குப் பின்னால் வந்த யாருக்கும் அது கிடைக்கவில்லை. ராக் குழுவான ஹார்ட், நாட்டுப்புறப் பாணியில் டி.ஜி. ஷெப்பர்ட், 1991-இல் ஏர் சப்ளை என்று பலர் பாடியும், எல்லோரும் நில்சனின் நிழலிலேயே நிற்கவேண்டியிருந்தது.

2008-இல் பல்கேரியாவில் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில், ஆங்கிலம் தெரியாத ஒரு பெண் இந்தக் கோரஸைக் காதில் விழுந்த ஒலிகளை வைத்தே பாடினார். அந்தக் காணொளி உலகம் முழுக்கப் பரவி, பலர் சிரித்தார்கள். வரியின் பொருள் தெரியாத ஒருவரைக்கூட மேடையேறிப் பாடவைக்கிற மெட்டு என்றுதான் எனக்குத் தோன்றியது.

நில்சனின் வாழ்க்கையிலேயே கவர் இரண்டு பக்கமும் வேலை செய்தது. அவருக்கு முதல் கிராமி வாங்கித்தந்த ‘எவ்ரிபடிஸ் டாக்கின்’ ஃப்ரெட் நீல் எழுதிய பாட்டு. நில்சனே எழுதிப் பாடிய ‘ஒன்’ ஓரமாகக் கிடந்தது, 1969-இல் த்ரீ டாக் நைட் குழு அதைப் பாடிய பிறகு பெரிய ஹிட்.

எழுதியவர்களுக்கு நேர்ந்தது

பாட்டுக்கு ஐவர் நோவெல்லோ விருது கிடைத்தது. பிரிட்டனில் பாட்டு எழுதுகிறவர்களுக்கு அது பெரிய கௌரவம். பணம்தான் வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. குழுவின் வருமானம் மேலாளரின் கட்டுப்பாட்டில் இருந்த நிறுவனம் வழியாகப் போயிற்று, புதிய ரெக்கார்டு கம்பெனியோடு போட்ட ஒப்பந்தமும் வழக்கில் சிக்கியது. கையில் பணமில்லாத நிலையில், 1975 ஏப்ரலில் பீட் ஹாம் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 27. எட்டு ஆண்டுகள் கழித்து, 1983 நவம்பரில், டாம் எவன்ஸும் அப்படியே போனார். இந்தப் பாட்டின் வருமானத்தில் யாருக்கு எவ்வளவு என்ற சண்டை அவருடைய கடைசி நாட்கள் வரை ஓயவில்லை. கேரியின் பதிவு வந்தபோது எழுதிய இருவருமே இல்லை.

கவர் பற்றிப் பேசும்போது நாம் பாடகர்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். எழுதியவருக்கு உரிமை இருப்பது வேறு, அந்த உரிமையின் பணம் அவர் கைக்கு வந்து சேருவது வேறு. இந்தியாவில் 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் இதைத்தான் கேட்டார்கள். திரைப்பாட்டின் உரிமையைத் தயாரிப்பாளருக்கோ ஆடியோ நிறுவனத்துக்கோ எழுதிக்கொடுத்தாலும், திரையரங்குக்கு வெளியே அது பயன்படும்போது வரும் ராயல்டியில் தங்கள் பங்கை அவர்கள் இழக்கமுடியாது என்று சட்டம் இப்போது சொல்கிறது.

எது கவர் இல்லை

பழைய பதிவிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்துப் புதிய பாட்டில் சேர்த்தால் அது சாம்பிள். பழைய பதிவையே எடுத்து வேகம், தாளம் மாற்றினால் ரீமிக்ஸ். இரண்டுக்கும் பதிவின் சொந்தக்காரரிடமும் அனுமதி வேண்டும். மெட்டை எடுத்துக்கொண்டு வரிகளை வேறு மொழியில் எழுதினால் அது பாட்டையே மாற்றுவது, எழுதியவரின் அனுமதி இல்லாமல் முடியாது. அமெரிக்கச் சட்டம் தருகிற தானியங்கி உரிமையும் பாட்டின் அடிப்படை மெட்டையும் குணத்தையும் மாற்றாத வரைதான். படத்திலோ விளம்பரத்திலோ காட்சியோடு சேர்ப்பதற்குத் தனி அனுமதி.

நம் நாட்டில் கவருக்கென்றே சட்டத்தில் 31சி என்ற பிரிவு இருக்கிறது. பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் போயிருக்கவேண்டும். உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்து, ராயல்டியை முன்பணமாகக் கட்டவேண்டும், குறைந்தது 50,000 பிரதிகளுக்கு. உறையில் இது கவர் பதிவு என்று குறிப்பிடவேண்டும், பழைய பாடகரின் பதிவோ என்று வாங்குபவர் ஏமாறும்படி இருக்கக்கூடாது. வீட்டில் உட்கார்ந்து பாடிப் பதிவேற்றுகிறவர்கள் இந்த வழியில் போவதில்லை. யூடியூப் மாதிரித் தளங்கள் பல உரிமையாளர்களோடு செய்துகொண்ட ஏற்பாடுகளில்தான் அவர்களுடைய காணொளிகள் நிற்கின்றன. விளம்பர வருமானம் முழுவதுமோ பகுதியோ உரிமையாளருக்குப் போகலாம், அவர் விரும்பினால் காணொளியே நீக்கப்படலாம்.

இதில் அதிகம் பேர் சறுக்குகிற இடம் பின்னணி இசை. திரைப்படத்தின் அசல் பதிவிலிருந்து குரலை மட்டும் நீக்கிய ட்ராக்கை ஓடவிட்டு, மேலே பாடிவிட்டுக் ‘கவர்’ என்று பெயர் போடுகிறார்கள். அங்கே பாடுவது நீங்கள், ஒலிப்பது இன்னொருவரின் பதிவு. அதனால் கேட்கவேண்டிய அனுமதியும் இரண்டாகிவிடுகிறது. ஒரு கிட்டாரோ கீபோர்டோ வைத்து நீங்களே வாசித்துப் பாடினால் பழைய பதிவின் சொந்தக்காரர் கணக்கில் வரமாட்டார், மெட்டுக்கும் வரிகளுக்கும் உரியவர் மட்டும்தான்.